ரீவா வீட்டுக் கம்பம்

எங்கள் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் என்ன படம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. சாலையில் நடந்தபடியே தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தால் போதும்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் கேபிளின் தொடக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் குழல் திருகியிருக்கும். பதினோராம் எண்ணில் வருகிற சினிமா சேனலை அது வீட்டுக்குள் விடாது. அந்தச் சேனலுக்குத் தனியாகப் பணம் கட்டுகிறவர்கள் வீட்டில் மட்டும் குழல் இருக்காது; கேபிள்காரன் டோய்ல் ஏணியோடு வந்து கழற்றிக்கொண்டு போயிருப்பான். நாங்கள் அதை அடைப்பான் என்போம். அடைப்பான் தொங்கினால் அது கர்த்தருக்குப் பயந்த வீடு. தொங்காவிட்டால், துணியில்லாத ஆட்கள் வருகிற படத்தை உட்கார்ந்து பார்க்கிற வீடு. எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரான பக்ஹார்ன் முழுவதும் அப்படித்தான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே நடப்போம். வெளியூர்க்காரன் யாராவது பார்த்திருந்தால், வானத்தை நோக்கி ஜெபித்துக்கொண்டு போகிறார்கள், எவ்வளவு பக்தியான ஜனம் என்று நினைத்திருப்பான்.

அப்படிப் போகும்போதுதான் ஒரு நாள் நீட்டா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். நீட்டா என் சித்தி மகள். சபையின் மூப்பர் ஹெர்ஷல் கான்ட்லியைக் கட்டியவள்.

"ஓமா, அங்க பாரு. ரீவா வீட்டுக் கம்பம்."

பார்த்தேன். கேபிள் மொட்டையாக இறங்கியிருந்தது.

"விழுந்திருக்கும்" என்றேன்.

"திருகி வச்சது எப்படிடி விழும்? உன் கொழுந்தன் டோய்ல்தான் கழட்டியிருக்கான். அவ கேட்டிருக்கா."

ரீவா யார் என்று சொல்லிவிடுகிறேன். அவள் எனக்கு அத்தை மகள். என் அப்பாவின் கடைசித் தங்கை லோட்டி அத்தை. அவளைக் கட்டியவர் ஆசா. அவர் சுரங்கத்துக்குள் கோவேறு கழுதை ஓட்டியவர். கழுதைகள் போய் மின்வண்டி வந்த பிறகும் ஊர் அவரைக் கழுதைக்கார ஆசா என்றுதான் சொன்னது. வரிசையாகப் பையன்களாகப் பெற்றுத் தள்ளிய பிறகு ஒரு பெண், அதுதான் ரீவா. லோட்டி அத்தை சுரங்க மேலாளர் வீட்டுக்குத் துணி துவைக்கப் போவாள். அங்கே ஒரு பியானோ இருந்தது. மேலாளரின் மனைவி வாசிக்கும்போது ரீவா ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பாள். கேட்பாள் என்று நான் சொல்லவில்லை, பார்ப்பாள். எந்த விரல் எந்தக் கட்டைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் கரித்துண்டால் கட்டைகளை வரைந்து, சத்தமே இல்லாமல் அதன் மேல் வாசிப்பாள். மேசையைக் கரியாக்கியதற்கு ஆசா மாமா கையால் அடி வாங்கியிருக்கிறாள். இசைக்குறிப்பு வாசிக்க அவளுக்குத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. கண்ணால் பிடித்து விரலால் வைத்துக்கொள்வதுதான் அவள் படிப்பு.

சபையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த கார்னெட், எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியாரின் வண்டியோட்டியோடு போய்விட்ட ஞாயிற்றுக்கிழமை, பாட்டுக்குப் பியானோ இல்லாமல் எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றோம். ரீவா எழுந்து போய் உட்கார்ந்தாள். இரட்டைச் சடை போட்ட வயது. அன்றைக்கு உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. செசில் ஹேகரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. செசில் சுரங்கத் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கும் அவளேதான் வாசித்தாள். வேறு யார் வாசிப்பார்கள்? வீட்டில் அவளுக்கென்று யாரும் இல்லை, அந்தப் பியானோப் பலகையில் உட்கார்ந்தால் ஊரே அவளுக்குப் பின்னால் பாடியது. அவளிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டும் எடுக்கக் கூடாது.

கேபிள் எங்கள் ஊருக்கு வந்த கதையும் கொஞ்சம் வேண்டும். நாலு பக்கமும் மலை. ஆன்டெனாவை எந்தக் கூரையில் வைத்தாலும் சத்தம் மட்டும் வரும், அதுவும் எங்கோ அடுப்பில் எதையோ வறுக்கிற சத்தம். டென்சில் கின்கெய்ட் தன் கடையில் டிவிப் பெட்டிகளை வாங்கி அடுக்கிவிட்டு, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே மலையுச்சியில் ஒரு பெரிய ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து ஊருக்குக் கம்பி இழுத்தார். வயசுப்பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து வெளியூர் வேலைக்குப் போன பிறகு, கடைக்குப் பின்னால் களஞ்சியக் கூரை அகலத்துக்கு ஒரு சாட்டிலைட் தட்டு வந்து வானத்தைப் பார்த்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு சேனல்கள் மழையாகக் கொட்டின. நாள் முழுக்கச் செய்தி, நாள் முழுக்க மழை வெயில் கணக்கு, அட்லான்டாவிலிருந்து மல்யுத்தம், ஒருவரும் கேட்காத சபையில் அரசியல்வாதிகள் பேசுகிற சேனல், மோதிரத்தையும் பொம்மையையும் போனிலேயே விற்கிற சேனல். எனக்குப் பிடித்தது மூன்றாம் எண். அது டென்சிலின் சொந்தச் சேனல். ஒரு கேமரா மெதுவாகத் திரும்பித் திரும்பிக் கடிகாரத்தைக் காட்டும், வெப்பமானியைக் காட்டும், யார் அடக்கம் எப்போது என்ற அட்டையைக் காட்டும், திரும்பவும் கடிகாரம். பொய் சொல்லாத சேனல் அது ஒன்றுதான்.

கம்பி வேலை எல்லாம் டோய்லுடையது. டோய்ல் என் வீட்டுக்காரர் எஸ்டிலின் தம்பி. பெண்டாட்டி ஒகையோவுக்கு வேலை தேடிப் போனாள், வேலை கிடைத்தது, திரும்பவில்லை. ஏணி, இடுப்பில் ஒரு வார், வாயில் புகையிலை. டென்சிலுக்கு அவன் மேல் எப்போதும் ஒரு கண். யாருக்கோ பதினொன்றை இனாமாகத் திறந்துவிடுகிறான் என்று சந்தேகம். பிடிபட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

எங்கள் போதகர் பிரதர் ப்ரூயிட் முதலில் டிவியே பிசாசின் பெட்டி என்றார். பன்னிரண்டாம் எண்ணில் பிரசங்கமும் பாடகர் குழுவும் வர ஆரம்பித்த பிறகு, பெட்டி கர்த்தருடையது, பதினொன்று மட்டும் பிசாசினுடையது என்று மாற்றிக்கொண்டார். பக்கத்துப் பக்கத்து எண். நடுவில் ஒரு விரல் நீள அடைப்பான்.

இனி நீட்டாவிடம் வருகிறேன். அவள் பார்த்தால் போதும், ஊருக்கு வேறு செய்தித்தாள் வேண்டாம். செவ்வாய்க்கிழமைக்குள் கதை வளர்ந்துவிட்டது. டோய்லின் வண்டி ரீவா வீட்டு முன்னால் நிற்கிறது. ஒருதரம் இல்லை, பலதரம். போனவன் ஏணியை இறக்காமலே உள்ளே போனான். ரீவா இப்போதெல்லாம் வாசிக்கிற பாட்டுகளே வேறு மாதிரி இருக்கின்றன, இடது கை ஒரு பக்கம் துள்ளிக்கொண்டு போகிறது. எங்கே கற்றாள்?

நானும் ஒன்றும் தேவதை இல்லை. கொழுந்தன் பேர் அடிபட்டதும் நானே உள்ளே போய்ப் பார்த்துவிட நினைத்தேன். அன்று சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பீன்ஸும், துணியில் சுற்றிச் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு ரீவா வீட்டுக்குப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பாடகர் குழு. வாத்துக் கழுத்து போல நீண்ட கழுத்துள்ள ஒருத்தி பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது, அவள் மோதிரத்தில் கல் உதிர்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. என் வீட்டில் பன்னிரண்டு இப்படித் தெரிந்ததே இல்லை. பனி கொட்டும். பிரசங்கியார் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட ஆடு மாதிரி தெரிவார். மலை அப்படி என்று டென்சில் சொல்வார். நம்பியிருந்தோம். அப்போதும் அது எனக்கு உறைக்கவில்லை. என் கண் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"என்னடி தேடுறே?" என்றாள் ரீவா.

"ஒண்ணுமில்ல. பீன்ஸ் மிஞ்சிச்சு."

"மிஞ்சின பீன்ஸுக்கு இவ்வளவு நல்ல கவுனா? சோபாவுக்குப் பின்னாடி பாத்துட்டே, சமையல்கட்டு வாசலப் பாத்துட்டே. டிவிக்குப் பின்னாடியும் பாத்துடு. டோய்ல் ஒல்லிதான், அங்ககூட நிப்பான்."

கிண்ணத்தை மேசையில் வைத்தேன். "ஊர்ல பேசிக்கிறாங்க ரீவா. உன் கம்பத்துல அடைப்பான் இல்ல."

"தெரியும்."

"ஏன் இல்ல?"

அவள் சோள ரொட்டியைப் பிட்டு, வெண்ணெய் தடவி, ஆப்பிள் பாகு வைத்து, முழுசாக மென்று விழுங்கினாள். பதில் யோசிக்கிறாள் என்று நினைத்தேன். "ரொட்டியில உப்பு கம்மி" என்றாள்.

"பியானோவ விட்டு எந்திரிக்கச் சொல்லுவாங்கடி."

அப்போதுதான் அவள் கை நின்றது. திரையில் அந்த வாத்துக்கழுத்துக்காரி வாசிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பத்தப் பத்தி என்கிட்ட கேக்காத ஓமா. கம்பம் கம்பெனியோடது" என்றாள். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்க யாராலும் முடியாது. ஆசா மாமாவின் கழுதைகளுக்கும் அந்தக் குணம் இருந்தது.

வீடு திரும்பும்போது எனக்குச் சந்தேகம் குறையவில்லை, கூடியிருந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் ஏன் ஒளிக்கிறாள்?

புதன் இரவு ஜெபக்கூட்டத்தில் ஹெர்ஷல் எழுந்தார். சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், நல்ல குரல், பெயரைச் சொல்லாமலே ஆளைக் கொல்லத் தெரிந்தவர். "நம்ம சபையில கர்த்தருக்கு முன்னாடி உக்காந்து வாசிக்கிற கை, வீட்ல எந்தப் பொத்தானத் திருப்புதுன்னு கேக்க நமக்கு உரிமை இல்லையா, பிரதர்ஸ்?" என்றார். பிரதர் ப்ரூயிட்டுக்குத் தர்மசங்கடம். ரீவாவிடம், "சிஸ்டர், இதுக்கு ஏதாவது விளக்கம் இருந்தா சொல்லிடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தார். ரீவா இல்லை என்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு சபையார் கை தூக்கி முடிவு செய்யட்டும், தூக்குகிற கைகள் அதிகமானால் அவள் பியானோவை விட்டுவிட்டு எங்களோடு பெஞ்சில் உட்கார வேண்டும் என்று ஆயிற்று. ஹெர்ஷலின் தம்பி மகள் நகரத்தில் பாடம் எடுத்துக் கற்றுக்கொண்டவள், அவள் வாசிப்பாள் என்று நீட்டா அன்றைக்கே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதைக் கேட்டதும், ஹெர்ஷலின் குறி கம்பத்தின் மேலா, பியானோப் பலகையின் மேலா என்று எனக்கு இன்னொரு சந்தேகம் முளைத்தது. அதை அப்போதைக்கு வாய்க்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் டோய்லைப் பிடித்தேன். கடைத்தெருவில் ஒரு கம்பத்தின் மேல் இருந்தான்.

"எறங்கு."

"வேலையா இருக்கேன் அண்ணி."

"எறங்கலைன்னா ஏணிய எடுத்துட்டுப் போயிடுவேன்."

இறங்கினான். இவன் சின்னப் பையனாக இருக்கும்போது இவனுக்குப் பேன் பார்த்திருக்கிறேன், என்னிடம் பொய் சொல்ல வராது. எச்சிலைத் துப்பினான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"கழட்டினது நான்தான் அண்ணி. டென்சிலுக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் போனேன். அதனாலதான் ரீவாக்கா வாயத் தெறக்கல."

"அவளுக்கு எதுக்குடா பதினொண்ணு?"

"பதினொண்ணு யாருக்கு வேணும்? அவங்களுக்குப் பன்னண்டு வேணும். அந்தப் பியானோக்காரி விரலப் பாக்கணும். பனி கொட்டுது, கறுப்புக் கட்டை எது வெள்ளைக் கட்டை எதுன்னு தெரியலன்னாங்க. ஒயர மாத்தினேன், பெட்டிய மாத்தினேன், எத்தன தடவை போனேன்னு கேளுங்க. ஒண்ணும் நடக்கல. கடைசியில இந்த எழவெடுத்த அடைப்பானக் கழட்டினேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு."

"அடைப்பானுக்கும் பன்னண்டுக்கும் என்னடா?"

"அது பதினொண்ண மட்டுமா அடைக்குது? பக்கத்துல இருக்கறதையும் கொஞ்சம் கடிச்சிடும். அது தொங்கற வீடு எல்லாத்துலயும் பன்னண்டு பனிதான். மலையும் இல்ல, மண்ணும் இல்ல."

நான் அங்கேயே நின்றேன். பிரசங்கத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் பாவத்துக்கும் பணம் கட்ட வேண்டும். டென்சில் தெரிந்தேதான் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தார் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"இத நான் சபையில சொல்லிடவா?"

"சொன்னா அவங்களுக்குப் பியானோ மிஞ்சும், என் சோறு போகும். ரீவாக்கா சொல்ல வேண்டாம்னுட்டாங்க. நான் என்ன பண்ண?" அவன் மறுபடி ஏணியில் ஏறிவிட்டான். முகத்தைக் காட்டாமல் இருக்கத்தான் ஏறினான்.

ரீவாவிடம் போய், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். "தெரிஞ்சா சரி. வாய மூடிக்கிட்டு இரு" என்றாள். "பெஞ்சுல உக்காந்துடுவியா?" என்று கேட்டேன். "என் வாயால டோய்ல் பேர் வராது" என்றாள். ஆனால் அவள் கண் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. பிரசங்கத்துக்கு வராதவர்கள்கூடக் கைத்தூக்கலுக்கு வந்திருந்தார்கள். பின்வரிசையில் மெடோஸ் சகோதரர்கள் இருவரும் வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கம்பம் முதல் நாளிலிருந்தே மொட்டை, அதைப் பற்றி அவர்களுக்கு வெட்கமும் கிடையாது. ரீவா கடைசிப் பாட்டை வாசித்துவிட்டுப் பலகையிலேயே இருந்தாள், மடியில் கை.

ஹெர்ஷல் எழுந்தார். சுத்தமான பாத்திரம், அசுத்தமான பாத்திரம் என்று ஆரம்பித்தார். "நான் சும்மா சொல்லல. வியாழக்கிழமை பன்னண்டுல அந்தப் பிரசங்கியாரு இதையேதான் கரும்பலகையில எழுதிக் காட்டினாரு. பெருசா 'பரிசுத்தம்'னு எழுதி, கீழ ஓரத்துல பொடி எழுத்துல வசன எண் போட்டாரு. அதப் படிச்சுட்டு அப்பவே வேதாகமத்தப் பொரட்டினேன்..."

"கரும்பலகை இருந்துச்சா?" என்றாள் முன்வரிசையில் இருந்த கிழவி ஓப்பல். அவளுக்குக் காது மந்தம், அதனால் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. "நான் அது கதவுன்னுல்ல நெனச்சேன். எனக்கு அந்த ஆளே தெரியல, ஒரே பனி."

சிரிப்பு எழுந்தது. "எங்க வீட்லயும் பனிதான்" என்றார் யாரோ. "சட்ட கலரே தெரியாது" என்றார் இன்னொருவர்.

ரீவா பலகையில் இருந்தபடியே திரும்பினாள். "பிரதர் ஹெர்ஷல், உங்க வீட்ல பன்னண்டு நல்லாத் தெரியுதா?"

"கண்ணாடி மாதிரி. ஏன்?"

"சும்மா கேட்டேன். யார் யார் வீட்ல அப்படிக் கண்ணாடி மாதிரி தெரியுதுன்னு கை தூக்குங்களேன். கை தூக்கத்தானே வந்திருக்கோம்."

அவளே முதலில் கையைத் தூக்கினாள். பின்வரிசையில் மெடோஸ் சகோதரர்கள் சந்தோஷமாகத் தூக்கினார்கள். அவர்களைப் போலவே மொட்டைக் கம்பம் வைத்திருந்த இன்னும் இரண்டு மூன்று பேர், சுவரைப் பார்த்துக்கொண்டு பாதி தூக்கினார்கள். பிறகு ஹெர்ஷலின் கை போனது. நல்ல நீளக் கை. தோளுக்கு மேல் போன பிறகுதான் அவர் சுற்றிலும் பார்த்தார். யாரோடு சேர்ந்து தூக்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. கை மெதுவாக இறங்கிக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்யப் போனது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லோர் கம்பமும் மனப்பாடம். தூக்கிய கைகளுக்கெல்லாம் மொட்டைக் கம்பம். ஒரு கைக்கு மட்டும் கம்பத்தில் அடைப்பான்.

"உங்க வீட்லதான் தொங்குதே ஹெர்ஷல்" என்றாள் ஓப்பல், வழக்கமான சத்தத்தில். "அப்பறம் எப்படி?"

நீட்டா தன் கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

பிரதர் ப்ரூயிட் முடிவு ஜெபம் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. சபை அப்படியே எழுந்து வெளியே வந்து, சாலையைக் கடந்து, ஹெர்ஷல் வீட்டுக் கம்பத்தின் கீழ் நின்றது. அந்தக் கம்பம் அவர் கொட்டகைக் கூரையை ஒட்டி நிற்கும். போன வசந்தத்தில் கூரைக்குப் பச்சை வண்ணம் அடித்தபோது தெறித்த புள்ளிகள் அடைப்பான் மேலும் இருந்தன. கூரையில் ஏறினால் கைக்கு எட்டுகிற உயரம். மின்சார வேலை தெரிந்த ஒருவருக்கு, அந்தக் குழலைத் திறந்து உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிட்டு, நேராக ஒரு கம்பியை விட்டு மூடுவது பெரிய காரியமா? எல்லோரும் அதையேதான் யோசித்தார்கள்.

டோய்ல் சபைக்கு வருகிறவன் இல்லை. கைத்தூக்கலின் முடிவு தெரிந்துகொள்ள வண்டியோடு மரத்தடியில் நின்றிருந்தான்.

"டோய்ல், ஏறிப் பாருடா" என்றான் மெடோஸ் சகோதரர்களில் மூத்தவன்.

ஹெர்ஷல் கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றார். "இன்னிக்குக் கர்த்தருடைய நாள். இந்தக் கம்பத்துல ஒருத்தன் ஏணி வச்சு வேலை செய்யறத என் கண் முன்னாடி நான் அனுமதிக்க மாட்டேன்."

பிரதர் ப்ரூயிட்டுக்கு அதை மறுக்க வழியில்லை, அது அவரே சொல்லிக்கொடுத்தது. "சரிதான். ஓய்வு நாள்" என்றார். கூட்டம் கலைந்தது. ரீவாவைப் பற்றிய கைத்தூக்கல் நடக்கவே இல்லை. சாயங்கால ஆராதனைக்கு அவள் வழக்கம்போல வந்து பலகையில் உட்கார்ந்தாள். இடது கை துள்ளிக்கொண்டு போனது. நாங்கள் பின்னால் பாடினோம்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் கடைக்குப் போகிற வழியில் ஹெர்ஷல் கம்பத்தைப் பார்த்தேன். அடைப்பான் தொங்கியது. புத்தம் புதியது. வெயிலில் கண் கூசியது. அப்படியே நடந்து ரீவா வீட்டுக்கு வந்தேன். அவள் கம்பத்திலும் ஒன்று தொங்கியது. பழையது. பச்சைப் புள்ளிகளோடு.

வெகுநேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். டோய்ல் வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"என்ன அண்ணி, கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

"அது அவரோடது தானேடா?"

"கம்பெனியோடது. ரீவாக்கா கம்பத்துல ஒண்ணு தொங்கணும்னு ஊரே ஆசைப்பட்டுச்சு. தொங்க விட்டேன். டென்சிலும் பாத்துட்டுத் திருப்தியாப் போனாரு."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒரு கம்பி."

"யாருடா விட்டது அந்தக் கம்பிய? அவரா, நீயா?"

டோய்ல் எஞ்சினை முடுக்கினான். "வெயில் ஏறுது அண்ணி, வீட்டுக்குப் போங்க" என்றான். அவன் என்னிடம் பொய் சொல்ல மாட்டான் என்றேனே, அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் ஹெர்ஷல் போன குளிர்காலத்தில் அவனுக்கு ஒரு மான் தொடையைக் கொடுத்தனுப்பியது என் நினைவில் இருந்தது. ஹெர்ஷல் காரணமில்லாமல் யாருக்கும் எலும்புகூடக் கொடுக்கிறவர் இல்லை.

அந்த வருஷத்துக்குள்ளேயே பக்ஹார்ன் கம்பங்கள் ஒவ்வொன்றாக மொட்டையாகின. முதலில் ஓப்பல் பதினொன்றுக்குப் பணம் கட்டினாள். "எனக்குப் பிரசங்கியாரு மூஞ்சி தெரியணும், அவ்வளவுதான்" என்றாள். அவள் விஷயத்தில் நம்பலாம். பிறகு ஆளாளுக்குக் கட்டினார்கள். யாரைக் கேட்டாலும், "பன்னண்டுக்காகத்தான்." நீட்டா என்னைச் சாலையில் நிறுத்திவைத்து, நான் கேட்காமலே அதைச் சொன்னாள். பிரதர் ப்ரூயிட் வீட்டு அடைப்பானும் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் தரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தோம்.

சில வருஷம் கழித்துப் பிரதர் ப்ரூயிட் ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போனார். புதிதாக ஓர் இளம் போதகர் வந்தார். வந்த முதல் வாரமே ஊரைச் சுற்றி நடந்து பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நின்று, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஒரே ஒரு வீட்டுக் கம்பத்தில்தான் அடைப்பான் தொங்குகிறது, அந்தச் சிஸ்டர் இதோ இங்கே பியானோவில் இருக்கிறார், நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும் என்றார். ஹெர்ஷல் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டார். ரீவா குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று போதகர் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவளோடு நடந்து வந்தேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "உண்மையச் சொல்லு. அதக் கழட்டின நாள்லேருந்து உன் வீட்ல பதினொண்ணும் வருது. ஒரு தடவைகூடத் திருப்பலையா?"

"திருப்பினேன்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"ஒரே தடவை. ஒருத்தி பெரிய பியானோ முன்னாடி உக்காந்து வாசிச்சுக்கிட்டிருந்தா. சரி, விரலப் பாக்கலாம்னு கிட்டப் போய் உக்காந்தேன். அத்தனையும் பொய்டி. பாட்டு ஒரு பக்கம் போகுது, அவ கை வேற பக்கம் போகுது. ஒரு கட்டையக்கூட அவ ஒழுங்கா அமுக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, பன்னண்டுக்குத் திருப்பிட்டேன்."

அவள் சொன்னதை நான் நம்பினேன். முக்கால்வாசி நம்பினேன். அவள் தன் வீட்டுக்குள் போன பிறகு, பழக்கத்தில் தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தேன். பச்சைப் புள்ளிகள் வெயிலில் வெளுத்திருந்தன.